விதை வெங்காயத்தைத் தொட்டவள்

விதை வெங்காயத்தின் வேரைக் கிள்ளினால் குடும்பம் துலங்காது என்று மாமி சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பண்டத்தரிப்பில் வெங்காயம் நட்டே என் கணவரைப் படிப்பித்தவ அவ. கொட்டிலில் கட்டித் தொங்கும் விதைப்பிடியைக் கறிக்குக்கூட ஒருவரும் தொடக்கூடாது. நான் அதில் நாலைந்தைப் பிடுங்கி, தண்ணீர்க் கிளாஸின் வாயில் இருத்தி, வேர் விட்டதும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய் நுனியைக் கிள்ளுவேன். என் ஆராய்ச்சியே அதுதான்.

உயிர்க்கலம் பிரியும்போது, குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுக்கும் நார்கள், மையப்பாத்து என்கிற நடு இடுப்பில்தான் வந்து பிடிக்கும். அது வாயே திறவாத இடம் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். சுத்தப் பொய். அங்கேயும் படியெடுப்பு நடக்கிறது, ஆர்.என்.ஏ. உண்டாகிறது. அது நின்றால் பிடி தளரும். படியெடுப்பை நிறுத்துகிற மருந்தை வேருக்குக் கொடுத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். மற்றதெல்லாம் பிரிந்து போன பிறகும் ஒன்று மட்டும், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி நடுவில் நிற்கும். எனக்கு அதைக் காண அப்படியொரு சந்தோசம், புளுகம்.

இரண்டாவது பிள்ளையும் கலைந்தது. ஆசுபத்திரியால் வந்து படுத்திருந்தேன். குசினிக்குள் அடுப்பை ஊதியபடி மாமி பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்தது எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

"முளைக்கிறதைக் கிள்ளுறவளின்ரை வயித்திலை என்ன தங்கும்? உவளுக்கு உதுவும் காணாது, இன்னும் வேணும்."

கணித வாத்தியாரான என் கணவர் கேட்டும் கேளாதவராய் விறாந்தையில் கொப்பி திருத்தினார். மாமி கிடக்கட்டும், இந்த மனுசன் எனக்காக ஒரு வார்த்தை சொல்லாதா? அதுதான் என் நெஞ்சைத் தின்றது.

கலைந்த பிள்ளையின் பரிசோதனை முடிவு பிறகு கொழும்பிலிருந்து வந்தது. ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக இருந்திருக்கிறது. இனி இவர் வாய் திறப்பார் என்று நம்பினேன், மடைச்சி. பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினேன்.

"இஞ்சாருங்கோ, வெங்காயத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. கலம் பிரியேக்கை ஒண்டு சரியாப் பிரியேல்லை. அனேகமா முட்டையிலை நடக்கிறது. ஆரின்ரை பிழையுமில்லை எண்டு டொக்டரும் சொன்னவர். மாமியிட்டைச் சொல்லுங்கோவன்."

"முட்டை எண்டா உம்மடை பக்கம்தானே?"

"ஓம், ஆனா..."

மிச்சத்தைக் கேட்க அவர் இருக்கவில்லை. குசினிக்குப் போய்விட்டார்.

"அம்மா, வெங்காயத்தாலை இல்லையாம். அவளின்ரை முட்டைதான் பழுதாம். என்னிலை ஒண்டுமில்லை."

மாமிக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்! "அப்பாடா, என்ரை பிள்ளையிலை குறையில்லை. அப்ப தம்பி, உனக்கு வேறை இடத்திலை பொம்பிளை பாப்பமே?"

"பாப்பம்" என்றார் அவர். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எழும்பிக் குசினி வாசலுக்குப் போனேன்.

"இது எனக்குச் சீதனமா வந்த வீடு. ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ."

"கோவத்திலை கதைக்காதையும்" என்றார்.

"எனக்காக நீங்கள் கதைச்சிருந்தா நான் ஏன் கதைக்கிறன்?"

அன்று பின்னேரமே ஓட்டோ பிடித்தார்கள். ஏறும்போதாவது என்னை ஒருக்கால் பார்ப்பார் என்று, வெட்கம்கெட்டு, வாசல் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். அவர் குனிந்து, தாயின் சீலைத் தலைப்பு ஓட்டோவின் சில்லில் சிக்காமல் உள்ளே மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.