ஞானபாய் கொடுத்த கிட்னி

ஞானபாய்க்கு வாய் நீளம் என்று பாறசாலையிலிருந்து கழக்கூட்டம் வரை உள்ள சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். புருஷனுக்குத் தன் கிட்னியில் ஒன்றை அறுத்துக் கொடுத்துவிட்டு, மூன்றே மாதத்தில் ஐ.டி. கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போய் நின்றவள் அவள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

ஆபரேஷனுக்குப் பிறகுதான் அந்த வாய்க்கு முழுநேர வேலையே வந்தது. புருஷன் சத்தியதாஸ் கொத்தனார். வாழ்நாளெல்லாம் மண்ணிலும் சிமென்டிலும் புழங்கிய மனிதர். வந்து சேர்ந்த கிட்னியை உடம்பு வேண்டாமென்று தள்ளிவிடாமலிருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆனால் அதே மாத்திரை நோயை எதிர்க்கிற சக்தியையும் அடக்கி வைக்கும். மற்றவர்களுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போகிற சமாசாரம் இவரைச் சாய்த்துவிடலாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஆர்ஷா. தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், மண்ணைக் கிளறக் கூடாது, சளி பிடித்தவர்களைக் கிட்டே விடக் கூடாது, உடம்புக்கு என்னவென்றாலும் உடனே கூப்பிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நேரம்கூட மாத்திரை முடங்கக் கூடாது. ஞானபாய் அத்தனையையும் சட்டமாக்கிவிட்டாள். தும்மிக்கொண்டே ஆரஞ்சுப் பழத்தோடு வந்த நாத்தனார் ராஜமணியை வாசலிலேயே நிறுத்தி, பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பியவள்தானே! நோயாளியைப் பார்க்க வந்தவளை உள்ளே கூப்பிடாத வீடு என்று குடும்பத்தில் இன்றைக்கும் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

சத்தியதாஸும் லேசுப்பட்டவர் இல்லை. தினம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, உப்பில்லை, புளியில்லை, இதை மனுஷன் தின்பானா என்று ஒரு பாட்டம் முடித்துவிட்டுத்தான் கையை நனைப்பார். ஞானபாயும் விடமாட்டாள். அந்தச் சண்டை நடந்தால்தான் இரண்டு பேருக்கும் சோறு இறங்கும். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஆபரேஷன் முடிந்து பதினாலாவது மாதம். பாறசாலையில் அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைக்குலை, தேங்காய், கோழி எல்லாவற்றையும் ஆலயத்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். இருபது வருஷமாக ஏலம் கூவுகிறவர் சத்தியதாஸ்தான். ஒரே ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சபையைச் சிரிக்க வைப்பார். நோய் வந்ததிலிருந்து போக முடியவில்லை. திறந்த வெளிதானே, மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டும் என்று இந்த வருஷம் டாக்டர் அனுமதித்திருந்தார். பத்து நாளாக மனிதர் தரையிலேயே நடக்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், ஞானபாய் மீன்குழம்பு ஊற்றினாள். சத்தியதாஸ் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறதாம்! ஞானபாய் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுடவில்லை. தெர்மாமீட்டரை வைத்தாள், காய்ச்சல் இல்லை. லேசான அசதிதான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடமா இந்தக் கதை?

ஆர்ஷாவுக்கு போன் போட்டாள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலும் போகும், உடனே கூட்டி வாங்க சேச்சி என்றாள் அவள். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் சத்தியதாஸ் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வந்தார். பண்டிகையைக் கெடுத்துவிட்டாளே என்ற கோபம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது வலது நுரையீரலில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நிமோனியா. அன்று சாயந்திரமே ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாறசாலையில் வேறு யாரோ ஏலம் கூவினார்கள்.

அந்த ஞாயிறு காலையில்தான் டாக்டர் ஞானபாயைக் கட்டிலருகே வைத்துப் பேசினார். மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஆனால் அது மட்டும் போதாது. கிட்னிக்கான மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினால்தான் உடம்பு எழுந்து நின்று நோயோடு மல்லுக்கட்டும். நிறுத்தினால் கிட்னிக்கு ஆபத்து வரலாம். ஞானபாய் விழித்தாள். ஆர்ஷா அவள் தோளில் கை வைத்து, விருந்தாளியைக் கடித்துவிடக் கூடாதென்று நாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம் சேச்சி, இப்போது வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிட்டான், கொஞ்சம் அவிழ்த்துவிட்டுத்தான் ஆகவேண்டும் என்றாள். விருந்தாளி யாரென்று ஞானபாய்க்குப் புரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். சத்தியதாஸ் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. மூச்சு வாங்குவது குறையவில்லை. ஞானபாய் வெந்நீர் வாங்கிவரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கட்டிலை விட்டு நகரவில்லை. அவர் காலைப் பிடித்துவிடுவாள். தலையைக் கோதுவாள். கர்த்தரிடமும் சண்டை போட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்குத் தெரிந்த ஜெபம் அதுதான்.

புதன்கிழமை காலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையை ஆர்ஷா சரிபார்க்கக் கேட்டாள். நிறுத்திய மாத்திரையின் அட்டையை ஞானபாய் வெளியே எடுத்தாள். வெள்ளிக்கிழமை வாங்கி, பிரிக்காமலே வைத்திருந்த அட்டை அது. அதில் ஆறு மாத்திரைகளைக் காணவில்லை.

ஆர்ஷா சத்தியதாஸைப் பார்த்தாள். ஞானபாயும் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் வெந்நீருக்குப் போகும்போதெல்லாம் மனிதர் பைக்குள் கைவிட்டிருக்கிறார்! ஆர்ஷா டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஞானபாய்க்கு வந்த ஆத்திரத்தில் அட்டை கையிலேயே நசுங்கிவிட்டது. ஆனால் கத்த வாய் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

சத்தியதாஸ் ஆக்சிஜன் குழாயோடு, விட்டு விட்டுச் சொன்னார்: "உன் வயித்தக் கீறி எடுத்துத் தந்தது, ஞானம். எனக்காக அதக் கொல்லச் சொல்லுதியா? நான் போனாலும்... அது போகப்பிடாது."

எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள்! இவர் போய்விட்டால் அந்தக் கிட்னி எங்கே போய் உட்கார்ந்து வேலை செய்யுமாம்? ஞானபாய்க்கும் அதைத்தான் கேட்கத் தோன்றியிருக்கும். ஆனால் இத்தனை நாளும் அவர் கிடந்து தவித்தது உயிருக்காக இல்லை, அவள் கொடுத்த பொருளுக்காக என்று தெரிந்ததும் அவள் நெஞ்சு இளகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து அவர் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது எனக்குத் தேவையில்லன்னுதான் தந்தேன். நீங்க வேணும்னுதான் தந்தேன். கிட்னி போனா நாம பழையபடி டயாலிசிஸுக்குப் போவோம், நான் கூட வருவேன். நீங்க போனா நான் எங்க போவேன், சொல்லுங்க."

 சத்தியதாஸ் போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டி, விரலை விரித்தார். உள்ளங்கையில் வியர்வையில் ஊறிப்போய் ஒரு மாத்திரை இருந்தது. மத்தியானத்துக்கென்று எடுத்து வைத்தது. ஞானபாய் அதை எடுத்துக்கொண்டு அந்தக் கையில் முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் நாள் மூச்சு சீரானது. கிட்னி கொஞ்சம் தளர்ந்துதான் போயிருந்தது, ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர், அந்த மாத்திரையைப் பாதி அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம் என்றார். ஆர்ஷா கொண்டுவந்து சத்தியதாஸின் கையில் கொடுத்தாள். அவர் அதை வாயருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஞானபாயைப் பார்த்து, "திங்கட்டா?" என்று கேட்டார்.

ஞானபாய் டாக்டரிடம் இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் தலையை ஆட்டினாள்.