ஜெனரேட்டர் சூட்டில் காய்ந்த காப்பி

டீசல் நாற்றம் கையில் ஏறிவிட்டால் சோப்புக்குப் போகாது. சாம்பலும் எலுமிச்சைத் தோலும் வைத்துத் தேய்த்தால் கொஞ்சம் குறையும். சோறு பிசையும்போது மறுபடி வரும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன். செங்கல் சூளை, நிலக்கரி லாரி, சாயப்பட்டறை பாய்லர் என்று எங்கே போனாலும் எதையாவது எரிக்கிற வேலைதான் கிடைத்தது. எங்கேயும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் நிலைத்ததில்லை. நாற்பது தாண்டி, மூச்சு கொஞ்சம் இழுக்க ஆரம்பித்ததும் ஏற்காட்டு மலைக்குத் திரும்பி, வாழவந்தி கிராமத்தில் அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டேன். இங்கேயும் ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலைதான் அமைந்தது.

அக்காவுக்கு வீட்டை ஒட்டி ஒரு துண்டுக் காப்பித் தோட்டம் உண்டு. பழத்தைப் பறித்து, வாசலில் காயவைத்து, மூட்டை கட்டி ஏற்காட்டில் ஒரு வியாபாரிக்குப் போடுவாள். அவர் யாரையும் நம்பாத மனிதர். மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, ஒரு கொட்டையைக் கடித்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் எடைக்கு விடுவார். அக்காவின் மூட்டையை மட்டும் பிரிக்க மாட்டார். "அம்மிணி காப்பிங்களா? வெச்சுட்டுப் போங்க" என்பார். மற்றவர்கள் வரிசையில் நிற்கும்போது அக்கா வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியே வருவாள். அந்த நடையை வேறு எங்கேயும் அவளிடம் நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மார்கழிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பனி விழ வேண்டிய நேரம். காப்பி வாசலில் கிடந்தது. தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கி வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது, திறந்தால் நனைந்தது. அக்கா பழைய சேலையை விரித்து, கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சிமெண்டுத் தரை உண்டு. ரேடியேட்டர் காற்று அங்கேதான் அனலாக வந்து விழும். பொங்கல் லீவுக்கு ரிசார்ட் நிரம்பி வழிந்தது. மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. பகல் பூராவும் ஜெனரேட்டர் ஓடியது. வெந்நீர், ஹீட்டர், காலியான அறையிலும் டி.வி. எப்படியும் வீணாகப் போகிற சூடுதானே என்று காப்பி முழுவதையும் கொண்டுபோய் அங்கே பரப்பினேன். புகை, குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும், இங்கே வருவது வெறும் காற்று என்று அக்காவுக்கு நானே விளக்கம் சொன்னேன். நான்கே நாளில் பழம் கலகலவென்று காய்ந்தது. "படிக்காட்டியும் மூளைக்காரன்டா கண்ணு நீயி" என்றாள் அக்கா. அன்றைக்கு என் சோற்றில் நெய் விழுந்தது.

வியாபாரியிடம் நானும் கூடப் போனேன். மூட்டைகளை இறக்கியதும் அவர் வழக்கம்போல "வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். இரண்டு எட்டு நடந்து நின்றார். திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, லாரி டேங்க்குக்குள்ளயா காயப் போட்டீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா மூட்டையைக் கட்டக் குனிந்தாள். முடிச்சு விழவே இல்லை. நான்தான் கட்டினேன்.

மூட்டைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டதும் வீடு முழுக்க டீசல் நாறியது. மதியச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. சண்டைதான் நடந்தது.

மச்சான் ஜீப் வைத்திருப்பவர். சுற்றுலாக்காரர்களைச் சேர்வராயன் கோயிலுக்கு ஏற்றிப்போய் இறக்குவார். "எல்லாம் இந்த மழையால வந்த வெனை. சாமி உட்ட மழைக்கு ஆரக் கேக்கறது?" என்றார்.

சேலத்தில் காலேஜ் படிக்கும் அவர் மகள் விடவில்லை. "சாமி உடலீங்கப்பா. நெலக்கரியும் பெட்ரோலும் எரிச்சு எரிச்சுத்தான் மழ இப்படிக் காலங்கெட்டுப் பெய்யுது. உங்க ஜீப்பும் சேத்தித்தான்."

"அந்த ஜீப்புலதான் கண்ணு நீ காலேஜி படிக்கற. மேல கார் வரலீன்னா இந்த ஊட்ல அடுப்பு எரியாது, தெரிஞ்சுக்க."

"ஒருத்தரு ரெண்டு பேருக்கு ஒரு காரா வர்றாங்க. நிறுத்துனாலும் ஏசிய நிறுத்தறதில்ல."

"வரட்டுமே. வெள்ளைக்காரன் நூறு வருசமா எரிச்சான். அப்ப ஒருத்தனும் வாயத் தொறக்கல. எம்பட ஓட்ட ஜீப்புதான் ஒலகத்தக் கெடுத்துப்போடுச்சாக்கும்!"

"அதத்தானுங்கப்பா நானும் சொல்றேன். எண்ணெய்க் கம்பெனிக்காரங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே மறைச்சாங்க. மாமா பாவம், கூலிக்குப் போறவரு. அவரக் குத்தஞ் சொல்லி என்ன ஆவப்போவுது?"

எனக்காகத்தான் பேசினாள். அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் புகைக்குழாய் இணைப்பில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. அது எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். மேனேஜரிடம் ஒரு தடவை சொன்னேன். "சீசன் முடியட்டும்" என்றார். அதோடு விட்டுவிட்டேன். அந்த நாற்றத்திலேயே நிற்பவனுக்கு நாற்றம் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் காப்பியைப் பரப்பும்போது ஒரு கணம் அந்த ஓட்டை ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது.

அக்கா இப்போது என்னைப் பார்த்தாள். "கம்பெனிக்காரனா வந்து எங்காப்பியப் பரப்புனான்? ஏன்டா, பொக வருமின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

மூட்டைகளை என்ன செய்வது என்று வந்ததும் சண்டை நின்றுவிட்டது. ஏரி ரோட்டில் பாக்கெட் காப்பித்தூள் விற்கும் கடைக்குப் போட்டுவிடலாம் என்றார் மச்சான். "கருக வறுத்து, சிக்கரியக் கலந்தா ஒண்ணும் தெரியாது. கீழருந்து வர்றவனுக்கு என்ன தெரியும்?" நான் அக்கா மகளைப் பார்த்தேன். "வேற என்ன பண்றது" என்று செல்போனை எடுத்துக்கொண்டாள். அக்கா தலையை ஆட்டினாள். நானே மூட்டையைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினேன். உலகம் கெட்டதற்குக் காரணம் கேட்டு அத்தனை கத்திய வீட்டில், அந்த நாற்றத்தை இன்னொருவன் தொண்டையில் இறக்குவதற்கு ஒரு எதிர்ப்பேச்சும் எழவில்லை.

அடுத்த வாரம் ரிசார்ட்டில் ஒருவர் புறப்படும்போது காரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுக்கொண்டு நின்றார். கையில் அந்தக் கடைப் பாக்கெட். முகர்ந்து பார்த்து மனைவியிடம், "மலைக் காப்பி வாசனையே தனி" என்றார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். அவர் கொடுத்த டிப்ஸையும் வாங்கிக்கொண்டேன்.

மறுவருஷம் வெயில் ஒழுங்காக அடித்தது. காப்பி வாசலிலேயே காய்ந்தது. மூட்டையை இறக்கியதும் வியாபாரி முடிச்சை அவிழ்த்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, முகர்ந்து, கடித்துப் பார்த்தார். பிறகு தலையசைத்தார். நல்ல காப்பிதான். அக்கா வரிசையில் நின்று எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நானாகத்தான் சொன்னேன். "கொழாயில ஓட்ட இருந்துச்சுக்கா. எனக்கு முன்னயே தெரியும்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. "இப்ப அடச்சுட்டாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. ஓடிட்டுத்தான் இருக்குது."

"நீயும் போயிட்டுத்தான் இருக்கற."

"ஆமா."

அக்கா முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். முன்னால் போன வேனின் புகை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. ஆனால் வேன் திரும்பி வேறு ரோட்டில் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.