கறுப்பு லெப்டொப்பும் இரண்டு நெல்மணியும்

எங்கள் வீட்டுக்குக் கறுப்பு லெப்டொப் வந்தது நான் சொன்ன ஒரு பொய்யினால்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மூத்தவள் ராத்தாவுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருந்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் படிப்பு. வகுப்புத் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, வாப்பாவும் அவளும் கல்முனை பஸாருக்குப் போய் இரண்டு லெப்டொப்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒன்று வெள்ளை, விலை குறைவு. மற்றது கறுப்பு, வேகம் கூட, விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெள்ளையில் வரைபடத்தைத் திறந்தால், அது திறந்து முடிவதற்குள் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிவிடும் என்று மூத்த மாணவர்கள் ராத்தாவைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

உம்மா வெள்ளையின் பக்கம். எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்ய வேண்டும். ராத்தாவின் வீடு பின்வளவில் கூரையோடு நின்றது. தரைக்கு மாபிள் பதிப்பதுதான் பாக்கி. எந்தக் காசைக் கண்டாலும் உம்மாவின் கண்ணுக்கு அது மாபிளாகவே தெரியும்.

"நாலு வரிசத்தில பழசாப் போற சாமானுக்கு மாபிள் காசக் குடுக்கிறயா?" என்றார்.

வீடே வேண்டாம், லெப்டொப் போதும் என்று ராத்தா அழுதாள். உம்மா அதைவிடப் பலமாக அழுதார். வாப்பா சாகாமத்து வயலுக்குப் போய்விட்டார். நெல் வெட்டி ஒரு மாதமான வயலில் அவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியில் உம்மாதான் வழி சொன்னார்: இஸ்திகாராத் தொழுவோம். இரண்டில் எது நல்லதென்று தெரியாதபோது, இரண்டு ரக்அத் தொழுது அல்லாஹ்விடம் கேட்டுவிட்டுப் படுப்பது. பதில் கனவில் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வெள்ளையோ பச்சையோ கண்டால் நல்லது. கறுப்போ சிவப்போ கண்டால் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லும்போது உம்மாவின் முகத்தில் பெரிய நிம்மதி. இந்தக் கணக்குப்படி வெள்ளை லெப்டொப் தொழுகைக்கு முன்னமே பாதி வென்றிருந்தது.

நான் கறுப்பின் பக்கம். அதில்தான் கார் ஓட்டும் கேம் ஓடும் என்று சாச்சாவின் மகன் சொல்லியிருந்தான். ராத்தாவின் கண்ணீர் எனக்கு இரண்டாவது காரணம்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவு எல்லோரும் தொழுதுவிட்டுப் படுத்தோம். மறுநாள் காலையில் பிட்டுக் கோப்பையைச் சுற்றி உட்கார்ந்து கனவுகளைச் சொன்னோம். உம்மா வயலில் வெள்ளைக் கொக்குக் கூட்டம் இறங்கக் கண்டிருந்தார். ராத்தா நேர்மையானவள், பஸ்ஸைத் தவறவிட்டதாகக் கண்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். உம்மாவின் கொக்குகள் வெல்லப் போகின்றன என்று தெரிந்ததும் நான் வாயைத் திறந்தேன்.

"நானும் கண்டன். கறுத்த லெப்டொப்."

"கறுப்பா?" உம்மா மலர்ந்துபோனார்.

"ஓம். ஆனா ஓரத்தில பச்ச லைட் ஒண்டு பத்திச்சி."

கறுப்பில் பச்சை எரிந்தால் என்ன தீர்ப்பு என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. வாப்பா கையில் எடுத்த பிட்டை வாயில் வைக்காமல் என்னையே பார்த்தார். பிறகு குனிந்திருந்த ராத்தாவைப் பார்த்தார்.

"சுப்ஹானல்லாஹ்! எனக்கும் இதே கனவுதான்கா. கறுப்பு, பச்ச லைட். ரெண்டு பேருக்கு ஒரே கனவு வந்தா நாம என்ன செய்ற?" என்றார் உம்மாவிடம்.

உம்மாவின் கொக்குகள் பறந்துபோயின. பின்னேரம் அஸர் தொழுகைக்குள் கறுப்பு லெப்டொப் வீட்டுக்கு வந்துவிட்டது. சார்ஜ் போட்டபோது விளக்கு மஞ்சளாக எரிந்தது. உம்மா அதை உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "நிறைஞ்சா பச்சையாகும்" என்றார் வாப்பா. ராத்தா படித்து முடிக்கும்வரை அது பச்சையாகவே இல்லை.

அடுத்த கிழமை குர்ஆன் ஓதும் பள்ளியில் ஹஸ்ரத் ஒரு விஷயம் சொன்னார். காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவரிடம், மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடச் சொல்வார்களாம். அவரால் ஒருபோதும் முடியாதாம். வாற்கோதுமையை நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் உள்ளது நெல். எங்கள் ஊராருக்கு நெல்தான் தருவார்கள் என்று நினைத்தேன். மூடையிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வளைத்துப் பார்த்தேன். வழுக்கியது. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன். உடைந்தது. நகக்கண் எரிய எரிய அழுதுகொண்டே முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தேன்.

"என்ன மகள் செய்றாய்?" வாப்பா பின்னால் நின்றார்.

"நெல்லுல முடிச்சுப் போடுறன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாரத்தை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். என் கையிலிருந்து இரண்டு மணிகளை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் முயன்றார்.

"ஏலாது போலதான் இரிக்கி, மகள்" என்றார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது. உண்மையான கனவைக் கண்ட மனிதர், என் பாவத்துக்காக இப்படிப் பாடுபடுகிறாரே என்று நினைத்தேன். அவர் முடிச்சுப் போட்டுப் பார்த்தது தன்னுடைய இரண்டு மணிகளைத்தான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.