வாயைத் திறக்காத உரிமை

1. சாட்சிகள் எழுந்து போனார்கள்

பேளுக்குறிச்சியில் அன்று சந்தை. சப்-மாஜிஸ்திரேட் கேம்ப் கோர்ட் நடந்துகொண்டிருந்தது. மேஜைக்கு முன்னால் சடையன் நின்றான். கொல்லிமலையில் பெரக்கரை நாட்டு விவசாயி. காப்புக்காட்டில் பலாமரம் வெட்டினான் என்று ஃபாரஸ்ட் கார்டு போட்ட கேஸ். தண்டனை என்றால் சேலம் ஜெயில். மலையில் அவன் சாமை அறுப்புக்கு நின்றது. அறுக்க அவன் மனைவியைத் தவிர ஆள் இல்லை, அவள் கையிலும் குழந்தை.

உண்மையில் மரம் அவன் பட்டா நிலத்தில் நின்றது. காற்றில் விழுந்தது. அதைச் சொல்ல ஊர்க்கவுண்டரும் இரண்டு பெரியவர்களும் மலையிறங்கி வந்து உட்கார்ந்திருந்தார்கள். குருடன்கூட ஜெயிக்கக்கூடிய கேஸ்.

"என்னப்பா, மரத்தை வெட்டினியா?" என்றார் மாஜிஸ்திரேட்.

சடையன் பேசவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். பேசாம நின்னா அதுலேருந்து கோர்ட்டு என்ன முடிவுக்கு வேணும்னாலும் வரலாம். தெரியுமில்ல?"

சடையன் என்னைப் பார்த்தான். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்த அமெரிக்கத் துரையைப் பார்த்தேன். துரை திருப்தியாகத் தலையாட்டினார்.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அவந்தான் ஒத்துக்கிட்டானுங்களே. இனி நாங்க எதுக்குங்க?" என்றார். மூன்று பேரும் வெளியே போய்விட்டார்கள்.

தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்று சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட்டும் எழுந்தார்.

2. துரையின் சட்டம்

மலையில் காபி எஸ்டேட் வைத்திருந்த அந்தத் துரையிடம் நான் மொழிபெயர்ப்பாளன். காபிக்கு வருமுன் தன் நாட்டில் வக்கீலாக இருந்தவர். மாட்டுக்குக் காய்ச்சல் என்று சொன்னாலும் பேச்சை அமெரிக்க அரசியல் சட்டத்தில் கொண்டுபோய் முடிப்பார். பேச்சுரிமை, மத உரிமை, கூட்டம் கூடும் உரிமை. எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் கூட்டம் கூடினால் மட்டும் மேஸ்திரி தடியோடு போவான்.

சடையன்மேல் கேஸ் விழுந்ததும் துரைக்குக் கொண்டாட்டம். அவனைக் கூப்பிட்டு வரச் சொன்னார். "எங்கள் சட்டத்தின் ஐந்தாவது திருத்தப்படி யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. கோர்ட்டில் வாயைத் திறக்காமல் இருப்பது உன் உரிமை" என்றார்.

நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

"உரிமைன்னா மாமன் மகளக் கட்டறதுக்கில்லீங்களா சொல்லுவாங்க? கோர்ட்டுல எனக்கு எவ மாமன் மக?" என்றான் சடையன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

"சட்டம் பிடித்திருக்கிறதாம்" என்றேன்.

இங்கே நடப்பது இங்கிலீஷ்காரன் சர்க்கார், உங்கள் சட்டம் செல்லாது என்றும் சொல்லிப் பார்த்தேன். பிறப்பிலேயே வந்த உரிமைக்கு எல்லைக்கல் கிடையாது என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது ஒன்று. மலையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்க்கும் நாட்டுக்கூட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் பேசாமல் நின்றால், ஒத்துக்கொண்டான் என்று அர்த்தம். அதன் பிறகு அவனுக்காகச் சாட்சி சொல்வது கூட்டத்தையே அவமதிப்பது. சடையனுக்கு இது தெரியும். ஆனால் சர்க்கார் கோர்ட்டுக்கு வெள்ளைத்தோல் சொல்லும் வழிதான் சரி என்று நம்பிவிட்டான்.

3. தப்பாகச் சொன்ன சரி

சாப்பாட்டு நேரத்தில் சந்தைக்கு ஓடினேன். ஊர்க்கவுண்டர் உப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, அவன் ஒத்துக்கலீங்க. துரை பேச வேண்டாம்னாரு, அதான் நின்னான்."

"தொரைக்கு அந்தப் பலாமரத்தத் தெரியுமா சாமி?"

"தெரியாதுங்க."

"சடையனுக்குத் தெரியுமில்ல? அப்பத் தெரிஞ்சவன் பேசோணும். அவன் வாயத் தொறந்தா நாங்க வாரோம். இல்லீன்னா மலையேறிருவோம்."

திரும்பி ஓடினேன். துரை சடையனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். "மத்தியானமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. உறுதியாகச் சொல்" என்றார் என்னிடம்.

"துரை பேசச் சொல்றாரு. நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லு" என்றேன் சடையனிடம். உறுதியாகவே சொன்னேன். துரைக்கு என் குரல் பிடித்திருந்தது.

கோர்ட்டு கூடியது. "எங்கப்பன் வெச்ச மரமுங்க. காத்துல சாஞ்சுது. கெடந்ததத்தானுங்க அறுத்தேன்" என்றான் சடையன். துரை எழுந்து ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொன்னார்.

ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். "அந்த மரத்துப் பழம் திங்காதவன் எங்க ஊருல இல்லீங்க. இந்தக் கார்டும் தின்னாரு. சடையன் காட்டுல நின்னுதான் தின்னாரு."

"தின்னியா?" என்றார் மாஜிஸ்திரேட். கார்டு தரையைப் பார்த்தான். கேஸ் தள்ளுபடி.

வெளியே வந்ததும் துரை சடையனிடம் கோபித்துக்கொண்டார். ஜெயிலுக்கே போனாலும் உரிமையை விட்டிருக்கக் கூடாதாம். இதை மாற்றாமல் சொன்னேன்.

சடையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "உங்க ஊருல எங்களாட்டம் கருப்பா இருக்கறவங்களுக்கும் இதெல்லாம் உண்டுங்களா?"

"சட்டத்தில் எல்லாருக்கும் உண்டு" என்றார் துரை.

"சட்டத்துல கெடக்கட்டுங்க. ஊருல?"

மொழிபெயர்த்தேன். பதில் எனக்குத் தெரியும். அவர் ஊரில் ரயிலில் கருப்பர்களுக்குத் தனிப்பெட்டி. ஓட்டுப்போடப் போனால் உதை. தனிப்பெட்டி சரிதான் என்று பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டது. இதையெல்லாம் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே, மழை பெய்ததைச் சொல்வது போல, என்னிடம் சொன்னவர் அவர்தான்.

துரை வண்டி வந்துவிட்டதா என்று பார்த்தார். ஊர்க்கவுண்டர் உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சடையன் சாமையை அறுத்தான். நான் மாற்றிச் சொன்னது தெரிந்ததும் துரை என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அது அவர் இஷ்டம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயைத் திறக்காத உரிமை நல்ல உரிமை. நம் போலீஸ் ஸ்டேஷன்களைப் பார்த்தவன் அதைப் பழிக்க மாட்டான். ஆனால் கேஸ் தோற்றால் சட்டம் பேசியவர் வண்டியேறி வீட்டுக்குப் போவார், நிற்கிறவன் ஜெயிலுக்குப் போவான். சம்பளம் யார் கொடுத்தாலும், ஜெயிலுக்குப் போகப்போகிறவனுக்குத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.