தெரசம்மாளின் மூன்றாம் ஓலை

உபதேசியார் அருள்சாமி வேதாகமத்தில் வரும் யோபுவைப் பற்றிப் பேசாத மாதம் கிடையாது. பிள்ளைகளைப் பறிகொடுத்தார், ஆடுமாடுகளை இழந்தார், உடம்பெல்லாம் புண்ணானது, ஆனாலும் கடவுளை விடவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அப்படி ஒரு மனுஷி எங்கள் எஸ்டேட் லைன் வீட்டிலேயே இருந்தாள். அவளை அதிகம் வதைத்ததும் இவர்தான்.

தெரசம்மாள் சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே காப்பிப் பழம் பறிக்கிறவள். எண்பதாம் வருஷம் அவள் புருஷன் சூசை கிளை கழிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து செத்தான். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை இரண்டு பையன்களையும் ஒரே வாரத்தில் கொண்டுபோனது. பிறகு அவள் காலில் சொறி கிளம்பி ஆறாத புண்ணாக நின்றது. மிச்சம் ஒரே மகள், லூர்துசெல்வி. இத்தனைக்குப் பிறகும் தெரசம்மாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்துவிடுவாள்.

ஆறுதல் சொல்ல மூன்று பேர் போனார்கள்: அருள்சாமி, எஸ்டேட் ரைட்டர் ஜேசுதாஸ், கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை தேவசிகாமணி. அவள் ஊற்றிக்கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "காரணமில்லாம சாமி அடிக்காது தெரசம்மா. என்ன தப்புப் பண்ணுனேன்னு யோசிச்சுப் பாரு" என்பார்கள். பக்கத்து வீட்டுப் பூவாயி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணில் பூசிவிட்டுப் பேசாமல் போவாள். அவளுக்கு வேதம் தெரியாதல்லவா, பாவம்.

கடைசியில் கோயில்பிள்ளை பாவத்தைக் கண்டுபிடித்துவிட்டார். சேர்வராயன் கோயில் திருவிழாப் பொங்கலைப் பூவாயி கொடுக்க, தெரசம்மாள் வாங்கித் தின்றாளாம். தின்றது வாஸ்தவம்தான். ஆனால் தின்றது எண்பத்திரண்டில். சூசை விழுந்தது எண்பதில். பொங்கல் தின்னப் போகிறாள் என்று கடவுள் இரண்டு வருஷம் முன்கூட்டியே தண்டித்துவிட்டார் போலும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு வருஷம் எதற்கு?

எண்பத்து மூன்றில் லூர்துசெல்விக்குக் கரடியூரில் மாப்பிள்ளை அமைந்தது. கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதை அந்த ஞாயிறு வாசித்துவிட்டால் செவ்வாய்க்கிழமை கலியாணம். தவறினால் புதன்கிழமை தவக்காலம் பிறந்துவிடும், ஈஸ்டர் வரை கலியாணம் கிடையாது. அதுவரை காத்திருக்க முடியாது, வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள். பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அருள்சாமிதான் மகாராசா. சனிக்கிழமை காலையில் அவர் தெரசம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குச் சனங்க முன்னால, என்ற பாவத்தாலதான் எல்லாம் போச்சுன்னு சொல்லிப்போடு. அப்பறம் ஓலை வாசிக்கறேன்."

"ஏனுங்க, பண்ணாததைப் பண்ணுனேன்னு சாமி முன்னால பொய் சொல்றதுங்களா?"

"ஒரு வார்த்தைதான? உன்ற மவ கலியாணம் நடக்கோணுமா வேண்டாமா?"

செய்த பாவத்தைச் சொல்லவைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்பது பாதருடைய வேலை. இவருக்கு அந்த அதிகாரம் துளிகூடக் கிடையாது. தெரசம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அன்று மத்தியானம் மகளை வேதாகமத்தை எடுக்கச் சொல்லி, யோபு கதையைக் கடைசி வரைக்கும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அருள்சாமி கோயிலில் ஒருநாளும் கடைசி வரை வாசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும், "தெரசம்மா என்னமோ சொல்லோணுங்கறா" என்றார் அருள்சாமி. விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நூறு பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை.

அவள் எழுந்து நின்றாள். "யோபுவைப் பாக்க மூணு பேரு வந்தாங்களாமுங்க. நீ பாவம் பண்ணுனதாலதான் இப்படின்னு சொன்னாங்களாமுங்க. கடேசில ஆண்டவருக்கு அவங்க மேலதான் நொம்பக் கோவம் வந்துச்சுங்க. அவங்களுக்காக நீ வேண்டிக்கன்னு யோபுகிட்டச் சொன்னாருங்க. நானும் வேண்டிக்கறனுங்க. உபதேசியாருக்கு ஒண்ணு, ரைட்டருக்கு ஒண்ணு, கோயில்பிள்ளைக்கு ஒண்ணு."

புண்காலோடு முழந்தாளிட்டு, பரலோக மந்திரத்தைச் சத்தமாக ஆரம்பித்தாள். எங்கள் கோயிலில் முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியைச் சனங்கள் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்து பழகிய வாய், கேட்குமா? கோயிலே பதில் சொன்னது, அந்த மூன்று பேரும் சேர்த்துத்தான். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று அருள்சாமி அடித்தொண்டையில் சொன்னார். யாருக்காகச் சொல்கிறோம் என்பது இரண்டாவது மந்திரத்தில்தான் அவருக்கு உறைத்தது. அப்போதும் வாய் நிற்கவில்லை.

மூன்றும் முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஓலை வாசிக்கலீங்களே. இன்னொரு சுத்துச் சொல்லட்டுங்களா?"

அருள்சாமி சட்டைப்பையிலிருந்து ஓலையை எடுத்து வாசித்தார். தடை இருப்பவர்கள் சொல்லலாம் என்ற இடம் வந்தபோது அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.