பெயர் எழுதாத துண்டு

அம்புறோசின் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது, அவரைக் கண்டால் சனம் வாயைத் திறந்துவிடும். ஊர்காவற்றுறையில் பஸ்ஸுக்கு நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் உத்தியோகம் அவருக்கு. எனக்கும் அதே உத்தியோகம்தான். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் நைலோன் வலை எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

அவரிடம் வாயைத் திறந்தவர்களில் ஒருவர் அல்லைப்பிட்டி சவிரிமுத்து. அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் தம்பியைக் கடலில் பறிகொடுத்தவர். அதன் பிறகு வள்ளத்தில் கால் வைக்கவில்லை. நாரிப்பிடிப்பு, இடுப்பை நிமிர்த்த ஏலாது என்று சொல்லிக் கரையில் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். நாரி நோவுள்ளவனைக் கரைவேலைக்கு விடுவது அங்கே வழக்கம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் பயந்தவனுக்கு அப்படி ஒரு வழக்கமும் இல்லை. சவிரிமுத்துவின் நாரியில் ஒன்றுமில்லை, பயம்தான். மனைவி கத்தரீனாவுக்கு மட்டும் தெரிந்திருந்த அதை, எழுபத்திரண்டில் ஒரு நாள் அம்புறோசுக்குச் சொன்னார்.

அந்த வருடம்தான் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வந்தது. தீவுப்பகுதி ஆலோசகர்கள் பன்னிரண்டு பேர், ஒரு பள்ளிக்கூட மண்டபம், கொழும்பிலிருந்து வந்த சறோஜினிதேவி என்ற பயிற்சியாளர். விரிவுரை கிடையாது, விளையாட்டுத்தான் என்றார் அவர். கதிரைகளை நேருக்கு நேர் போட்டு இரண்டிரண்டு பேராக இருத்தினார். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் புத்தி சொல்லக்கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் "ஓம், அதுதான்" என்னும்வரை. நான் நாலு தரம் தோற்றேன். அம்புறோஸ் முதல் தரத்திலேயே வென்றார்.

மூன்றாம் நாள் நாடகம். ஒவ்வொருவரும் தாம் சந்தித்த ஒரு சிக்கலான ஆளைப் பற்றிப் பெயர் எழுதாமல் ஒரு கடதாசித் துண்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வேறொருவர் அதை எடுத்து நடிக்க, இன்னொருவர் ஆலோசகராக இருந்து பேச வேண்டும். கொழும்பில் இது சரிவரும். எங்கள் பக்கத்தில் சைக்கிள் மணியைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அம்புறோஸ் அதை யோசிக்கவில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவருக்காவது அந்த மனிதருக்கு உதவும் வழி தெரியாதா என்ற ஆசையில் எழுதினாராம். பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னார். நான் நம்புகிறேன்.

துண்டு என் கைக்கு வந்தது. 'புயலில் தம்பியை இழந்தவர். எட்டு வருடமாக நாரி நோ என்று சொல்லிக் கரையில் இருக்கிறார். உண்மையில் கடலுக்குப் பயம்.' நான் காரைநகர் ஆள், எனக்கு யாரென்று தெரியாது. நாரியைப் பிடித்துக்கொண்டு கூனிக் கூனி நடந்தேன். இல்லாத வள்ளத்தைக் கண்டு நடுங்கினேன். மண்டபமே சிரித்தது. அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. ஆகவே இன்னொரு தரமும் நடந்து காட்டினேன். அம்புறோஸ் மட்டும் தலை குனிந்தபடி இருந்தார்.

"உது எங்கட சவிரிமுத்தண்ணையெல்லே?" என்றார் அல்லைப்பிட்டியிலிருந்து வந்திருந்த வின்சன்ற்.

ஞாயிறு பூசை முடியக் கதை கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. சவிரிமுத்துவைக் கண்டு இளந்தாரிகள் நாரியைப் பிடித்துக் கூனி நடந்தார்களாம். அது என்னுடைய நடை. திங்கட்கிழமை அவர் வள்ளத்தில் ஏறினார்.

கேள்விப்பட்டு அம்புறோஸ் அல்லைப்பிட்டிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சவிரிமுத்து கடலில் இருந்தார். கத்தரீனா வாசல் படலையிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

"ஒவ்வொரு நாளும் போறாரோ, அக்கா?" என்று கேட்டார் அம்புறோஸ்.

"ஓம், போறார். தின்னுறதெல்லாம் சத்தியெடுத்துப்போட்டுத்தான் போறார். மறிக்க ஏலாது. உங்களுக்குச் சொல்லிப்போட்டு வந்த அண்டைக்குத்தான், எட்டு வருசத்துக்குப் பிறகு மனுசன் விடியுமட்டும் நித்திரை கொண்டவர். தன்ர தம்பிக்கே சொன்ன மாதிரி இருந்ததெண்டவர்."

பயிற்சியின்படி அம்புறோஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். "அண்டைக்கு... அவர்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கத்தரீனா படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அடுத்த மாதமே அம்புறோஸ் மாற்றம் கேட்டு, யாழ்ப்பாணத்தில் கடிதங்களைக் கோவைகளில் அடுக்கும் கந்தோர் வேலைக்குப் போனார். நல்ல ஆலோசகர் ஒருவரை நாங்கள் அப்படித்தான் தொலைத்தோம். சனம் மட்டும் மாறவில்லை. பஸ் நிலையத்தில் யாராவது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார்கள். அவர் கையை உயர்த்தி, "எனக்குச் சொல்லாதையுங்கோ" என்பார். ஒன்பது வருடம் அப்படியே இருந்து, எண்பத்தொன்றில் நெஞ்சு நோவு வந்து போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டுக்குச் சவிரிமுத்து வந்திருந்தார். தலை முழுக்க நரைத்து, வெயிலில் கறுத்துப்போயிருந்தார். நேரே சவப்பெட்டியடிக்குப் போய், அம்புறோசின் காதருகே குனிந்து, கனநேரம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.