வுகோமனைத் தூங்கவைத்தவள்

நீஷ் நகரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான். எனக்கு நேர் மேலே ஸ்தமேனா. பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. கணவர் வுகோமன் பஸ் டிப்போவில் இரவுக் காவல்.

தொண்ணூற்றொன்பதில், எங்கள் நாட்டின்மேல் விமானங்கள் குண்டு போட்ட அந்த வசந்தத்தில், அவரைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். எழுபது நாள் கழித்து ஒரு காயமும் இல்லாமல் வந்தார். தூக்கம் மட்டும் போய்விட்டது. கண்ணை மூடியதும் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார்.

"விமானம் இரைஞ்சா பயமில்ல. இரைச்சல் நின்னாத்தான் அடுத்தது எங்க விழுமோன்னு இருக்கு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தமேனா தலைக்குக் குளித்துவிட்டு ஹேர் டிரையரால் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் வுகோமன் சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். முடி காய்ந்த பிறகும் அவள் அதை அணைக்கவில்லை. கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. காலை ஆறுக்கு வீடு திரும்பும் மனிதர், அவள் வேலை முடிந்து ஒரு மணிக்கு வரும்வரை விழித்துக் கிடப்பார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்து சுவிட்சைப் போடுவாள். மேசைமேல் வைத்தும் பார்த்தாள். சூடேறி அதுவாக நின்றுவிடும். அவர் அலறிக்கொண்டு எழுவார். அதனால் பழைய சாமான் சந்தையில் தேடித் தேடி, தானாக நிற்காத ஒன்றை வாங்கி வந்தாள்.

கட்டடத்தில் எல்லோரும் கேலி செய்தோம். "என்ன ஸ்தமேனா, இன்னும் தல காயலையா? காடு மாதிரி முடி வச்சிருக்க போல!" என்று படிக்கட்டில் நானே கேட்டிருக்கிறேன்.

"சிரிடி ஸொர்கா, சிரி. அந்த மனுஷன் தூக்கத்தக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன். கீழ வைக்க முடியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

வியன்னாவில் வேலை பார்க்கும் மகள் நெவேனா, கடல் ஓசை எழுப்பும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள்.

"ஒரு வாரம் கேட்டுப் பாருங்கப்பா. அம்மா பாவம்."

"அலை வந்துட்டு வந்துட்டு நிக்குது பாரு. ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் எனக்கு உயிர் போகுது. எடுத்துட்டுப் போ."

அவள் எடுத்துப் போய்விட்டாள்.

அப்படி இருபத்திரண்டு வருடம். பிப்ரவரியில் ஒரு நாள், பள்ளியில் இரண்டு பேர் வராததால் அவர்கள் வேலையையும் ஸ்தமேனாவே செய்துவிட்டு வந்தாள். மூன்று மணிவாக்கில் எனக்குக் கம்பளி கருகும் நாற்றம் அடித்தது. மேலே ஓடினேன். கதவுக்கு அடியில் புகை. பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். அவள் நாற்காலியிலிருந்து கட்டில்மேல் சாய்ந்து கிடந்தாள். உட்கார்ந்தபடியே அவள் தூங்கிப்போக, ஹேர் டிரையர் கம்பளிப் போர்வைக்குள் சரிந்திருக்கிறது. வுகோமனுக்குக் காலில் மட்டும் தீக்காயம். தீக்கு நேராக முகம் வைத்துக் கிடந்தவள் புகையையெல்லாம் உள்ளே இழுத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். வுகோமன் காலில் கட்டோடு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆக்சிஜன் தண்ணீர்க் குப்பி வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டு, நிற்காமல் ஒரே சீராக இரைந்தது. ஏழு நாள் கையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்த மனிதர் எட்டாம் நாள் காலை அந்த இரைச்சலில் அசந்துவிட்டார். நர்ஸ் வந்து குழாயை மூடினாள். சத்தம் நின்றதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"எதுக்கும்மா நிறுத்தின?"

நர்ஸ் அவர் தோளில் கை வைத்தாள்.

நாற்பதாம் நாள், எங்கள் வழக்கப்படி ஸ்தமேனாவின் கல்லறையில் அவித்த கோதுமை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "கடைசியா ஏதாவது சொன்னாளாப்பா?" என்று நெவேனா கேட்டாள்.

"சொல்லியிருப்பா. நான் தூங்கிட்டேன்மா" என்றார்.

மே மாதம் மகள் அவரை வியன்னாவுக்குக் கூட்டிப் போனாள். மாத்திரை போட்டால் மூன்று மணி நேரம் தூங்குகிறாராம். தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும், வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுகிறாராம்.